மூஞ்சிப்பெட்டிக்குள் நான்கு நாற்காலிகள்

என் வீட்டுக்காரர் கோலைப் பார்ப்பதற்கு அரை நிமிடம் முன்பே நான் பார்த்துவிடுகிறேன். எங்கள் வீட்டில் நான் செய்த பெரிய குற்றம் அதுதான்.

நான் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். அவர் அதே சோபாவில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, முகத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார். அதற்கு என்னென்னவோ பெயர் சொல்கிறார்கள். நான் வைத்த பெயர் மூஞ்சிப்பெட்டி. அதை மாட்டிக்கொண்டால் மைதானத்தின் கோட்டோரத்தில் போய் நிற்கிற மாதிரி இருக்குமாம். தலையைத் திருப்பினால் கூட்டம் தெரியுமாம், பந்து நம் காலடியில் வந்து விழுமாம். எல்லாம் சரிதான். ஆனால் அந்தப் படம் இணையத்தில் சுற்றி வளைத்து வந்து சேர்வதற்குள் என் தொலைக்காட்சியில் கோல் விழுந்து, ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்து, எழுந்தும் விடுகிறார்கள். நான் கத்துகிறேன். அவருடைய உலகத்தில் பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்கிறது.

"ஏன் முன்னாடியே கத்துற? எல்லாத்தையும் கெடுத்துட்ட!"

"நான் எங்கங்க முன்னாடி கத்துறேன்? கோல் விழுந்திருச்சு. நீங்கதான் லேட்டு."

"வாயை மூடிக்கிட்டுதான் பாரேன்லா!"

கோல் விழுந்தால் வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டுமாம். இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல? கத்தத்தானே ஐயா ஆட்டம் பார்க்கிறோம்!

இருந்தாலும் அவருக்காக முயன்று பார்த்தேன். தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்தேன். கோல் விழுந்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வருகிற தும்மலை மூக்கைப் பிடித்து அடக்குவது மாதிரிதான் இருந்தது. அரை நிமிடம் கழித்து அவர் "கோல்!" என்று எழுந்து குதிப்பார். நானும் அப்போதுதான் பார்த்த மாதிரி "ஆமாங்க, கோல்!" என்பேன். அதற்குள் என் சந்தோஷம் ஆறிப்போயிருக்கும். சொந்த வீட்டில், சொந்த அணி போட்ட கோலுக்கு நடிக்க வேண்டியிருந்தது. வயிறு எரியாதா?

எங்கள் குடியிருப்புத் தாமானில் எல்லா வீடும் ஒட்டிய வரிசை வீடுதான். முன்பெல்லாம் மாநில அணி கோல் போட்டால் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் கத்தும். இப்போது கத்தல் தவணை முறையில் வருகிறது. முதலில் முனை வீட்டில், அங்கே பழைய வட்டத் தட்டு ஏரியல். பிறகு கைத்தொலைபேசியில் பார்க்கிற எதிர் வீடு. எல்லோரும் கத்தி முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது எங்கள் வீட்டுக்காரர் தனியாக எழுந்து நின்று கத்துவார். எதிர் வீட்டு மலாய்க்காரப் பெரியவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, உங்கள் வீட்டில் இரண்டு கோலா விழுந்தது என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

நான் ஏதோ புருஷனுக்காகப் பந்து பார்க்க வந்தவள் இல்லை. இதே மாநிலத்து ரெங்கத்தில் அண்ணன்மார்களோடு வளர்ந்தவள். ஆஃப்சைடு எதுவென்று வயதுக்கு வரும் முன்பே தெரியும். இவர் என்னைப் பெண் பார்க்க வந்தபோது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. பெரியவர்கள் நகை, மண்டபம் என்று பேசிக்கொண்டிருக்க, மாப்பிள்ளையின் கண் மட்டும் திரையிலேயே இருந்தது. காப்பித் தட்டோடு நின்ற நான் குனிந்து, "நம்மதான் ஒண்ணு லீடுங்க" என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பெண் பிடித்திருக்கிறது என்று அப்போதே முடிவு செய்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அம்மா மட்டும், மானத்தை வாங்கிவிட்டேன் என்று இடுப்பில் கிள்ளினாள்.

எங்கள் கல்யாண வாழ்க்கையில் பேச்சு என்றால் ஆட்டம்தான். அவர் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். சரக்குக் கிடங்கில் வேலை. திரும்பி வரும்போது முகத்தில் பேச்சே இருக்காது. சாப்பாடு, குளியல், தூக்கம். நானும் செனாய் தொழிற்சாலையில் ஷிப்ட்டு மாறி மாறி நிற்கிறவள். வீட்டுக் கடன், மகள் படிப்பு, சிலிண்டர் என்று ஏதாவது பேசினால் சண்டையில்தான் போய் நிற்கும். ஆனால் ஆட்டம் இருக்கிற நாளில் அவர் வேறு ஆள். மத்தியானத்திலிருந்தே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கிளம்பு கிளம்பு" என்று என்னைப் பிடுங்கி எடுப்பார். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், தண்ணீர்ப் போத்தல், இரண்டு மழைக்கோட்டு. ஸ்டேடியத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. நடுவரைத் திட்டுவது நான், பயிற்சியாளரைத் திட்டுவது அவர். திட்டித் தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அந்த வாரம் முழுக்கச் சண்டை வராது.

பெனால்டி வந்தால் மட்டும் அவரால் பார்க்க முடியாது. ஆறடி ஆள், கிடங்கில் டன் கணக்கில் சரக்குத் தூக்கின ஆள், பந்தைப் புள்ளியில் வைத்தவுடன் கண்ணை இறுக மூடிக்கொள்வார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். நான்தான் சொல்ல வேண்டும். "கீப்பரு கோட்டுல ஆடுறான்... இவன் பின்னாடி போறான்... மூச்சு விடுறான்... ஓடி வரான்..." முன் வரிசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருமுறை விளையாட்டுக்கு, கோல் விழுந்ததை "போச்சுங்க!" என்று சொல்லிவிட்டேன். சுற்றிலும் ஸ்டேடியமே குதிக்கிறது, இவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அழப் பார்க்கிறார். அத்தனை சத்தத்தைக் காது கேட்டும், நான் சொன்னதைத்தான் நம்பினார். அன்றைக்கு அவர் என்னைத் திட்டின திட்டு இருக்கிறதே, அதை இப்போது நினைத்தாலும் இனிக்கிறது.

அவர் முட்டியில் அறுவை சிகிச்சை ஆன பிறகுதான் எல்லாம் மாறியது. ஸ்டேடியத்தின் படிகள் ஏறக் கஷ்டம் என்றார். கார் நிறுத்த இடமில்லை, ஜாம், மழை என்றார். நானும் பாவம் என்று விட்டேன். வீட்டிலேயே பார்க்கலாம் என்று பெரிய தொலைக்காட்சி வாங்கினோம். ஓர் ஆட்டப் பருவம் அப்படி நன்றாகத்தான் போனது. அப்புறம் சிங்கப்பூரில் கூட வேலை செய்கிற ஒருவர் காட்டிக் கெடுத்தார். ஒரு சனிக்கிழமை, முதுகுப் பையிலிருந்து வெள்ளை அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். அன்று அவர் முகத்தில் இருந்த சிரிப்பு, எங்கள் மகள் பிறந்தபோது நான் பார்த்த சிரிப்பு.

இதில் எனக்கும் பங்கு உண்டு, சொல்லிவிடுகிறேன். புதிதாக எது வாங்கினாலும் எங்கள் வீட்டில் சாமி மேடையில் வைத்துப் பூசை போடாமல் தொடுவதில்லை. மோட்டார் சைக்கிள், குளிர்பெட்டி, துணி துவைக்கும் மிஷின், எல்லாம் சந்தனம் குங்குமம் வாங்கிக்கொண்டுதான் வேலையை ஆரம்பித்திருக்கின்றன. இதற்கும் செய்தேன். நெற்றி மாதிரி இருந்த முன்பக்கத்தில் குழைத்த சந்தனத்தைப் பட்டையாக இழுத்து, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழமும் சுற்றிப் போட்டேன். அந்த நெற்றியில்தான் அதற்குக் கண் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? நான்கு கேமராவும் சந்தனத்துக்குள் காய்ந்து போய்விட்டன. அவர் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுகிறார், கையை ஆட்டுகிறார், உள்ளே எல்லாம் சாய்ந்துகொண்டே போகிறதாம்.

"அலமாக், ஓட்டை மெஷினைக் கொடுத்து ஏமாத்திட்டானுங்க!"

மறுநாளே சிங்கப்பூர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். கடையில் இருந்த சீனப் பெண் ஈரத்துணியால் ஒரு துடைப்புத் துடைத்துக் கொடுத்து, இது என்ன மஞ்சள் பெயிண்ட் என்று கேட்டாளாம். வீட்டுக்கு வந்து என்னிடம் சாமியாடினார். நானும் அவரும் கடைசியில் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் பெட்டியை வைத்து நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பொய் சொல்லக்கூடாது. எனக்கும் மாட்டிக் காட்டினார். அசந்துதான் போனேன். புல் அவ்வளவு பச்சை. கோல் கீப்பர் கையுறையில் துப்பித் தேய்ப்பது பக்கத்தில் தெரிகிறது. விங்கில் ஓடி வந்தவன் என்மேல் மோதப் போகிறான் என்று காலைத் தூக்கிக்கொண்டேன். ஸ்டேடியத்தில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தும் இவ்வளவு கிட்டே பார்த்ததில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி, வயிற்றைப் புரட்டி, சமையலறைத் தொட்டிக்கு ஓடினேன். திரும்பி வருவதற்குள் அவர் மாட்டிக்கொண்டுவிட்டார். என் தலை எண்ணெய் வாரில் ஒட்டியிருக்கிறது, திருநீறு கண்ணாடியில் ஈஷியிருக்கிறது என்று முணுமுணுத்தபடி துடைத்தார். அதற்குப் பிறகு எனக்குத் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

கொஞ்ச நாள் போனதும் அவர் உள்ளே பேச ஆரம்பித்தார். முதலில் நான் என்னிடம்தான் பேசுகிறார் என்று நினைத்து, "என்னங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "உன்கிட்ட இல்ல" என்றார். உள்ளே ஓர் அறை இருக்கிறதாம். அணியின் ரசிகர்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிற அறை. ஓர் அறைக்கு நான்கு நாற்காலி. அவர், சிகாமட்டில் ஒருவர், கூட வேலை செய்கிற சிங்கப்பூர்க்காரர், அப்புறம் மெர்சிங்கில் ஒருவர். நான்கு பேருக்கும் உள்ளே பொம்மை உடம்பு. தொப்பை கிடையாது, நரை கிடையாது, முட்டி வலி கிடையாது. கோல் விழுந்தால் பொம்மைகள் கையோடு கை தட்டிக்கொள்ளும். வெளியே, எங்கள் வீட்டுக் கூடத்தில், என் வீட்டுக்காரர் வெறும் காற்றில் கையை ஓங்கித் தட்டுவார். இரண்டு முறை மின்விசிறியில் அடி வாங்கினார்.

அந்த மெர்சிங்காரரின் குரல் எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. பெட்டியின் காதோரத்திலிருந்து சத்தம் கசியும். "அண்ணே, பாத்தீங்களா! அண்ணே, என்னாண்ணே இவன்!" என்று ஆட்டம் முழுக்க அண்ணே அண்ணேதான். என் வீட்டுக்காரரும் அவரிடம் வாய் ஓயாமல் பேசினார். பயிற்சியாளரைத் திட்டினார். நடுவரையும் அவரே திட்ட ஆரம்பித்துவிட்டார். நடுவர் என் பங்கு.

ஒரு நாள் ஆட்டம் முடியப் போகிற நேரம் எங்கள் அணிக்குப் பெனால்டி கிடைத்தது. என் தொலைக்காட்சியில் அடித்தும் ஆகிவிட்டது. கோல். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இனி அரை நிமிடத்தில் அவருக்கு வரும். சோபாவில் நகர்ந்து உட்கார்ந்து, என் கையை அவர் பக்கமாக நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்தேன். எத்தனை வருடப் பழக்கம்! அவர் பிடிப்பார், பிடித்தவுடன் சொல்ல ஆரம்பிக்கலாம் என்று தொண்டையைக்கூடச் செருமிக்கொண்டேன்.

அவர் தோள் விறைத்தது. "ஐயோ, நான் பாக்கமாட்டேன்பா. கண்ண மூடிக்கிட்டேன். யாராச்சும் சொல்லுங்க" என்றார்.

"நான் சொல்றேண்ணே" என்றது மெர்சிங் குரல். "கீப்பரு கைய விரிக்கிறான். நம்மாளு பந்த வச்சிட்டான். பின்னாடி போறான்... போறான்..."

நான் பார்த்து முடித்த கோலை, யாரோ ஒருவர் என் புருஷனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கை அப்படியே சோபாவில் கிடந்தது. கோல் விழுந்ததும் நால்வரும் உள்ளே ஆட்டம் போட்டார்கள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. இதற்கெல்லாமா அழுவார்கள் என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

சாப்பிடும்போது கேட்டேவிட்டேன். "பெனால்டிய நான்தானேங்க சொல்லுவேன்?"

அவருக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும், "உனக்குத்தான் ரிசல்ட்டு முன்னாடியே தெரிஞ்சிருதே. அதுல என்ன இருக்கு? அவரும் என்கூட அதே நேரத்துல பாக்குறாரு. அவரு சொன்னாதான் திரில்லு" என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தைத் தூக்கி அவர் தட்டிலேயே போட வேண்டும் போல இருந்தது.

மகள் கோலாலம்பூரில் வேலை செய்கிறாள். அவளிடம் தொலைபேசியில் கொட்டித் தீர்த்தேன். "விடுங்கம்மா, அப்பா வீட்டுலதானே இருக்காரு. குடிக்கப் போறாரா, சுத்தப் போறாரா?" என்றாள். ஊரில் எல்லோரும் இதையேதான் சொல்வார்கள். வீட்டில்தான் இருக்கிறார். எந்த வீட்டில் என்றுதான் எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மகளே ஒரு யோசனை சொன்னாள். "நீங்களும் ஒண்ணு வாங்கிக்குங்கம்மா. ரெண்டு பேரும் உள்ள பக்கத்துல பக்கத்துல உட்காரலாம்."

அது எனக்குத் தோன்றவே இல்லையே! ஓவர்டைம் செய்து சேர்த்ததில் நானும் ஒன்று வாங்கினேன். மகள் தொலைபேசியிலேயே சொல்லிக் கொடுக்க, ஒவ்வொரு மாலையும் அவர் வரும் முன்பு பழகினேன். தலை சுற்றாமலிருக்க இஞ்சி மிட்டாய் வாயில் அடக்கிக்கொண்டேன். வாருக்குத் தோதாகக் கொண்டையை இறக்கிப் போட்டேன். சந்தனத்தைப் பின்பக்கத்தில் வைத்தேன். எனக்கென்று ஒரு பொம்மை செய்து, அதற்கு அணியின் சட்டையை மாட்டிவிட்டேன். அடுத்த ஆட்டத்தன்று அவர் உட்கார்ந்த பிறகு சத்தமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டேன். அவர் அறையின் கதவைத் தேடிக் கண்டுபிடித்துத் தட்டினேன். கதவில் ஒரு வரி வந்தது. அறை நிரம்பிவிட்டது.

மறுபடி தட்டினேன். அதே வரி. பெட்டியைக் கழற்றி அவர் தோளைத் தொட்டேன். "ஏங்க, நான்தான் வெளிய நிக்கிறேன். கதவைத் தொறங்க."

அவரும் கழற்றினார். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்து ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும். அப்புறம் தலையைச் சொறிந்தார். "நாலு பேருதான்லா உட்கார முடியும். நீ வேற ரூமுக்குப் போயேன். அதே மேட்ச்தானே?"

"யாரையாவது எழுந்திரிக்கச் சொல்லுங்க."

"எப்படிச் சொல்றது? சிகாமட்காரருதான் ரூமையே தொறந்தாரு. சிங்கப்பூர்க்காரரு கூட வேலை செய்யறவரு."

"அப்ப அந்த மெர்சிங்காரரு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். பெட்டியைக் கழற்றினாலும் அங்கே கேட்டுவிடுமோ என்ற பயம். "சே, பாவம்லா அவரு. பொண்டாட்டி செத்துப் போச்சு. வீட்டுல பேச ஆளே இல்ல."

பெண்டாட்டி செத்துப்போனவருக்கு என் புருஷன் துணை இருக்கிறார். புருஷன் உயிரோடு பக்கத்தில் இருக்கிறவளுக்கு யார் துணை? வாய் வரை வந்தது. அதற்குள் அவர் மாட்டிக்கொண்டுவிட்டார்.

நான் வேறோர் அறைக்குப் போய்ப் பார்த்தேன். யாரோ மூன்று பொம்மைகள் இருந்தன. ஒன்று என்னைப் பார்த்து மலாயில் தம்பி, எந்த ஊர் என்று கேட்டது. பெட்டியைக் கழற்றி அலமாரியின் உச்சியில் போட்டேன். தூசி படியட்டும் சனியன்!

அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் எங்கள் ஸ்டேடியத்திலேயே நடந்தது. அந்த முறை மாலையிலேயே வைத்திருந்தார்கள். அவர் முட்டியும் இப்போது பரவாயில்லை, பாசாருக்குக் காய்கறி வாங்க என்னோடு நடந்து வருகிறார். ஒரு வாரம் முன்பே கேட்டேன்.

"இந்த ஒண்ணுக்கு மட்டும் போலாங்க. கீழ் வரிசையில டிக்கெட் எடுக்கிறேன். படி ஏற வேண்டாம்."

"அங்க போயி என்னா பாக்கப் போற? இங்க முன் வரிசையவிட முன் வரிசை. மழை கிழை வந்தாலும் நனைய வேண்டாம். ரூம்ல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்கலா."

"நான் கேக்குறேன். எனக்காக."

"அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்தால் கரித்துக் கொட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரே ஒரு டிக்கெட் எடுத்தேன். அன்று மத்தியானம் வீட்டு வேலையை முடித்து, அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஆட்டத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அவர் அப்போதே மாட்டிக்கொண்டு நண்பர்களோடு பேச்சில் இருந்தார். அவர் முன்னால் போய் நின்று, சத்தமாகவே சொன்னேன். "நான் ஸ்டேடியத்துக்குப் போறேங்க."

"ஆ, ஆ, சரி" என்று தலையாட்டினார்.

அவ்வளவு சுலபமாகச் சரி என்கிறாரே என்று கொஞ்சம் வலித்தது. கதவைச் சாத்திவிட்டு, வாடகைக்காரைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

தனியாக ஸ்டேடியத்துக்குள் நுழைவது அதுதான் முதல் தடவை. என் பக்கத்து இருக்கையில் ஒரு மலாய்க்கார அம்மா, என் வயதுதான் இருக்கும். வந்து உட்கார்ந்தவுடன் வறுத்த கச்சான் கடலைப் பொட்டலத்தை நீட்டினார். முதல் பாதியிலேயே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் வாங்கின மஞ்சள் பிளாஸ்டிக் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டேன். எங்கள் அணி கோல் போட்டது. எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை ஆயிரம் பேரும் என்னோடு அதே நொடியில் கத்தினார்கள். ஒருவரும் வாயை மூடு என்று சொல்லவில்லை. எத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த கத்தலோ, நிறுத்தவே முடியவில்லை. அந்த அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். திரும்பி இந்தப் பக்கம் பார்த்தால் என் வீட்டுக்காரர் இல்லை. அப்போதுதான் உறைத்தது.

இடைவேளைக்குப் பிறகு அதைக் கவனித்தேன். கீழே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கோட்டோரத்தில் ஒரு கம்பத்தின்மேல் கறுப்பாக, மனிதத் தலை உயரத்தில், இரண்டு கண்ணுள்ள கேமரா. அதன்மேல் ஒரு குட்டிக் குடை. அதுதான் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிற இடம் என்று எனக்குப் புரிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து சில வரிசைதான் கீழே. என்ன நினைத்தேனோ, இறங்கிப் போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு, அந்த இரண்டு கண்ணுக்கும் நேராக நின்று, கையை ஆட்டினேன்.

பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் நான்கு முழத் தூரத்தில் அவர் என்னை நேருக்கு நேர் பார்க்கிறார் என்று நினைத்தபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி அடித்துக்கொள்ளவில்லை. "ஏங்க! நான்தாங்க!" என்று கத்தினேன். அந்த மலாய்க்கார அம்மா பின்னாலேயே வந்து, யாருக்குக் கை காட்டுகிறாய் என்று கேட்டார். என் கணவர் அதற்குள் இருக்கிறார் என்றேன். அந்த அம்மாவும் என் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். காவலர் வந்து விரட்டும் வரை இருவரும் சிரித்துச் சிரித்து ஆட்டினோம்.

எங்கள் அணி ஜெயித்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவர் என்ன சொல்வார் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிப் போட்டிருப்பார். நண்பர்களிடம், அதோ பாருங்க என் வீட்டுக்காரி என்று காட்டியிருப்பார். கொஞ்சம் கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ளட்டும். மழைக்கோட்டைக் கழற்றி வாசல் கம்பியில் மாட்டினேன். முடியெல்லாம் சொட்டச் சொட்ட உள்ளே போனேன்.

அவர் அப்போதுதான் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கண்ணைச் சுற்றிச் சிவப்பாக வளையம் விழுந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஜெயிச்சிட்டோம்லா! என்னா மேட்சு! என்னா மழை தெரியுமா அங்க! ஆனா இந்த செக்கண்டு ஹாஃப்லதான் எரிச்சல். யாரோ ரெண்டு பொம்பளைங்க, கேமராவுக்கு முன்னாடியே வந்து நின்னுக்கிட்டு கையாட்டிக்கிட்டே இருக்காங்க. ஒரு மலாய்க்காரம்மா, இன்னொண்ணு மஞ்ச மழைக்கோட்டு. ஒரு கார்னர் கிக்கே தெரியல. மெர்சிங்காரரு என்னா திட்டு திட்டுனாரு! நானும் நல்லா ரெண்டு விட்டேன்."

என் தலைமுடியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த மஞ்ச மழைக்கோட்டு நான்தாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். என் ஈரச் சட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். விளையாடுகிறேன் என்றுதான் கடைசி வரை நினைத்தார்.

"சும்மா இருலா. நீ இவ்வளவு நேரமும் இங்கதானே என் பக்கத்துல உட்கார்ந்திருந்த? கோல் விழுந்தப்பகூட உன்னைத் தட்டினேனே!"

நான் சோபாவைப் பார்த்தேன். நான் உட்காரும் இடத்தில், மத்தியானம் மடித்து வைத்துவிட்டுப் போன துணி அடுக்கு சரிந்து கிடந்தது.